துப்பாக்கி பயம் இருக்கட்டும், முதலில் வீட்டுப் பத்திரத்தைப் பேசுவோம்

திருச்சியிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகள் எம்.எஸ்ஸி. ஜியாலஜி முடித்திருக்கிறாள். டெக்சாஸில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் டேட்டா சயின்ஸ் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்திருக்கிறது. "கம்ப்யூட்டர் பக்கம் வந்தால்தான் எதிர்காலம், செலவுக்கு டி.ஏ. (டீச்சிங் அசிஸ்டன்ட், படித்துக்கொண்டே பாடம் எடுக்க உதவும் மாணவர்) வேலை கிடைத்துவிடும்" என்று டல்லாஸில் இருக்கும் அண்ணன் மகன் சொல்கிறாராம். வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகத் தயார். ஒரே கவலை, அங்கே வகுப்புக்குள் துப்பாக்கி எடுத்துவரலாமாமே?

எடுத்துவரலாம் ஐயா. 2016 ஆகஸ்ட் 1 முதல் அதுதான் சட்டம். லைசென்ஸ் வைத்திருப்பவர் அரசுப் பல்கலைக்கழக வகுப்பறைக்குள் கைத்துப்பாக்கியை மறைத்து வைத்திருக்கலாம். அதற்காகத் தினமும் சுட்டுக்கொள்கிறார்கள் என்று பயப்பட வேண்டாம்.

ஆனால் நீங்கள் மகளை மாணவியாக மட்டும் பார்க்கிறீர்கள். டி.ஏ. ஆனால் அவள் பாடம் எடுப்பவள், மார்க் போடுபவள். இந்தச் சட்டம் அதிகம் உறுத்துவது அந்த வேலையில் இருப்பவர்களைத்தான். வகுப்பில் துப்பாக்கி கூடாது என்று ஆசிரியர் சொல்ல முடியாது. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில், தனி அறை உள்ள பேராசிரியர் தன் அறைக்குள் மட்டும் தடை போடலாம். அதையும் வருபவரிடம் வாயால் சொல்ல வேண்டும். டி.ஏ.க்களுக்குப் பெரும்பாலும் தனி அறை ஏது? நாலு மேசை போட்ட பொது அறையில், மார்க் குறைந்த கோபத்தோடு ஒருவன் விடைத்தாளை நீட்டும்போது, அவன் பையில் என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாது.

2016-இல் ஹூஸ்டன் பல்கலைக்கழக ஆசிரியர் பேரவை தன் ஆட்களுக்குச் சொன்ன யோசனைகளைப் பாருங்கள்: சிக்கலான விஷயங்களைப் பேசும்போது கவனம், சில பாடங்களை விட்டுவிடலாம், மாணவர்களை முன்னனுமதியோடு மட்டும் சந்தியுங்கள். ஆஸ்டினில் மூன்று பேராசிரியைகள் வழக்குப் போட்டார்கள். அது 2018-இல் மேல்முறையீட்டிலும் தள்ளுபடியானது. பொருளாதாரப் பேராசிரியர் டேனியல் ஹேமர்மெஷ் இந்தச் சட்டத்தைக் காரணம் காட்டி அங்கிருந்து விலகினார். பேரும் அனுபவமும் உள்ளவர், போக இடமிருந்தது. மாணவர் விசாவில் இருப்பவளால் அப்படி உதறிவிட்டு வர முடியுமா?

இனி அண்ணன் மகன் கணக்கு. எம்.எஸ். மாணவருக்கு டி.ஏ. வேலை உறுதி கிடையாது. கிடைத்தாலும் படிப்பு நடக்கும் நாட்களில் வாரம் 20 மணி நேரம்தான். அதை நம்பி வீட்டை அடமானம் வைக்காதீர்கள். இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

அவளுக்குப் பிடித்தது கல்லும் மண்ணும்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் ஏன் டேட்டா சயின்ஸ்?

யாரும் உங்களிடம் சொல்லாத வழி ஒன்று அதே டெக்சாஸில் இருக்கிறது. தனியார் என்றாலே நம் ஊரில் டொனேஷன் நினைவுக்கு வரும். அங்கே கதை வேறு. துப்பாக்கியை அனுமதிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமையைச் சட்டம் தனியார் பல்கலைக்கழகங்களுக்கே விட்டது. கிட்டத்தட்ட எல்லாமே வேண்டாம் என்றன. ஹூஸ்டனில் உள்ள ரைஸ் அதில் ஒன்று. 1912-இல் தொடங்கிய, அளவில் சிறிய பல்கலைக்கழகம். பூமி, சுற்றுச்சூழல், கோள்கள் மூன்றையும் சேர்த்து ஆராயும் துறை அங்கே உண்டு. எம்.எஸ். இல்லாமலே நேராக பிஎச்டிக்கு விண்ணப்பிக்கலாம். எடுத்துக்கொண்டால் பொதுவாகக் கல்விக் கட்டணம் இல்லை, செலவுக்கு உதவித்தொகையும் தருவார்கள். எண்ணெய் நிறுவனங்கள் குவிந்த ஊர், ஜியாலஜி படித்தவருக்கு வேலையும் உண்டு. (ஹூஸ்டன் பக்கத்துப் பேர்லண்டில் மீனாட்சி கோயில் இருக்கிறது, வீட்டம்மாவிடம் சொல்லுங்கள்.) ஆனால் வளாகத்துக்கு வெளியே அதே டெக்சாஸ்தான், அதையும் தெரிந்துகொள்ளுங்கள். இடம் கிடைப்பதும் சுலபமில்லை. ஆகவே வளாகத்தில் துப்பாக்கியைத் தடை செய்யும் கலிபோர்னியா, நியூயார்க் மாநிலங்களிலும் நாலைந்து இடம் போடட்டும்.

விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் முடியும். அதற்குள், பிடித்த ஆராய்ச்சி செய்யும் பேராசிரியர்களுக்கு அவளே எழுதட்டும், நீங்கள் எழுத வேண்டாம். எத்தனை ஆண்டுக்கு உதவித்தொகை, எத்தனை பருவம் பாடம் எடுக்க வேண்டும், மாணவர்களைச் சந்திக்கும் அறை தனியா பொதுவா என்று கேட்கட்டும். ஓர் ஆண்டு தள்ளிப்போகும். சொந்தக்காரர்கள் கேட்பார்கள், கேட்கட்டும். பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.