புடமிடுகிறவர் ஏன் உட்கார்ந்திருக்கிறார்?

ஐயாவுக்கு வணக்கம்.

எங்கள் ஊர் சுங்கை சிப்புட். தோட்டத்து ஜெபக்கூட்டத்தில் போன மாதம் மல்கியா 3-ஆம் அதிகாரம் வாசித்தோம். ‘புடமிடுகிறவனுடைய அக்கினியைப்போலவும்’ என்ற இடம் வந்ததும் மூத்தவர் ஒருவர், வீட்டுக்கு வருகிற நோயும் கடனும்தான் அந்த அக்கினி, உள்ளே அழுக்கு இருப்பதால்தான் ஆண்டவர் புடத்தில் போடுகிறார் என்றார். பிள்ளைக்குச் சிறுநீரகக் கோளாறு என்று ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைகிற சகோதரி அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அதன்பிறகு அவர் கூட்டத்துக்கு வரவில்லை. மூத்தவர் மனதறிந்து யாரையும் புண்படுத்துகிறவர் இல்லை. அவர் சொன்னது சரியா? மன்னித்துவிட்ட தேவனுக்கு நெருப்பு எதற்கு? என் அப்பா தோட்டத்துப் புகைக்கூடத்தில் அடுப்புப் பார்த்தவர். எனக்குத் தெரிந்த நெருப்பு அதுதான்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மூத்தவர் சொன்னது சரியில்லை. அவரைச் சறுக்கிவிட்டதில் நம் மொழிக்கும் பங்கு இருக்கிறது.

புடம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சித்த வைத்தியருடைய புடம். மருந்தை அகலில் வைத்து, மேலே இன்னொரு அகலைக் கவிழ்த்து, விளிம்பைச் சீலைமண்ணால் பூசி அடைத்து, வரட்டி அடுக்கித் தீ மூட்டுவார்கள். உள்ளே நடப்பது யாருக்கும் தெரியாது. ஆறின பிறகு திறந்தால் உலோகம் உலோகமாக இருக்காது, பற்பமாகியிருக்கும். அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு மல்கியாவை வாசித்தால், தேவன் ஒரு வீட்டை மூடி முத்திரை போட்டு எரிக்கிறவராகத்தான் தெரிவார்.

மல்கியா சொல்வது வேறு தொழில். அக்காலத்தில் வெள்ளி பெரும்பாலும் ஈயத் தாதிலிருந்துதான் வந்தது. தாதை வறுத்து உருக்கினால் கிடைக்கிற ஈயத்தில் வெள்ளி நூறில் ஒரு பங்குகூட இருக்காது. அந்த ஈயத்தை ஆழமில்லாத தட்டில் வைத்து, 900 டிகிரிக்கு மேல் சூடாக்கி, துருத்தியால் மேலே காற்றடிப்பார்கள். ஈயம் காற்றோடு சேர்ந்து மிருதார்சிங்கியாக, அதாவது ஈயத் துருவாக, மாறும். செம்பு போன்ற மற்ற கலப்புகளையும் தன்னோடு இழுத்துக்கொண்டு தட்டுக்குள் ஊறிப்போகும். வெள்ளி அந்தக் காற்றுக்கு மசியாது. கடைசியில் தட்டின் நடுவே மிஞ்சுவது அதுதான்.

இதில் கெட்டுப்போக நிறைய வழி உண்டு. துருத்தி நின்றால் சூடு இறங்கி எல்லாம் பாதியில் உறைந்துவிடும். ஈயம் போதாவிட்டால் கலப்பு வெள்ளியிலேயே தங்கிவிடும். சூடு மிஞ்சினால் வெள்ளியே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். முடிகிற நேரத்தில் மேற்பரப்பில் வானவில் நிறங்கள் ஓடி, சட்டென்று ஒரு பளிச்சு வரும். அதைத் தவறவிடக் கூடாது. (வெள்ளியில் தன் முகம் தெரிந்ததும் தட்டான் நெருப்பை அணைப்பான் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற கதையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மல்கியாவில் முகம் எதுவும் இல்லை. வெள்ளி உருகுவதே சுமார் 962 டிகிரியில். அந்தச் சூட்டில் தானே தகதகக்கிற உலோகத்தில் முகம் பார்ப்பதும் எளிதல்ல.)

இப்போது 3-ஆம் வசனத்தைப் பாருங்கள்: ‘அவர் உட்கார்ந்து வெள்ளியைப் புடமிட்டுச் சுத்திகரித்துக்கொண்டிருப்பார்.’ சீலைமண் பூசிய புடத்தை எரியவிட்டுப் போய்விடலாம். திறந்த தட்டை விட்டு எழுந்து போக முடியாது. உங்கள் அப்பாவின் வேலை இதற்குக் கிட்ட வரும். ரப்பர் சீட்டு காய்கிற புகைக்கூடத்தில் சூடு 50, 60 டிகிரியில் நிற்க வேண்டும். ஏறினால் சீட்டில் கொப்புளம், இறங்கினால் பூஞ்சணம். சீட்டை எரிப்பதற்காக அங்கே யாரும் விறகு போடுவதில்லை. ஆனால் புகைக்கூடத்தில் நீர் காய்கிறது, அவ்வளவுதான்; மல்கியாவின் தட்டில் ஒன்றோடொன்று கலந்துபோனவை பிரிகின்றன. நியாயத்தீர்ப்பு என்ற சொல்லுக்கு அந்தப் பிரித்தலைத்தான் நான் பொருளாகக் கொள்வேன்.

தட்டில் இருப்பது யார் என்பதையும் தீர்க்கதரிசி மறைக்கவில்லை. லேவியின் புத்திரர், அதாவது ஆலயத்து ஆசாரியர்கள். முதல் அதிகாரத்தில் அவர்கள் குருட்டு ஆட்டையும் நொண்டி ஆட்டையும் பலிக்குக் கொண்டுவருகிறார்கள். அதை உன் அதிபதிக்குக் கொடுத்துப் பார், வாங்குவானா என்று கேட்கிறார் தேவன். துரை பங்களாவுக்கு நொண்டி ஆட்டை அனுப்புவாயா என்பது மாதிரியான கேள்வி. 5-ஆம் வசனத்தில் பட்டியல் நீள்கிறது: பொய்யாணை இடுகிறவர்கள், கூலிக்காரரின் கூலியை அபகரிக்கிறவர்கள், விதவைக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் பரதேசிக்கும் அநியாயம் செய்கிறவர்கள். தோட்டத்து ஜெபக்கூட்டத்தில் உரக்க வாசிக்க வேண்டிய வசனம் இது. பிள்ளைக்கு நோய் வந்த தாய் அந்தப் பட்டியலில் எங்கே இருக்கிறார்? நோய்க்குக் காரணம் தேடுகிறவர்களுக்கு யோவான் 9:3-இல், பிறவிக் குருடன் ஒருவனைக் குறித்து, இயேசுவின் பதில் இருக்கிறது: ‘அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல.’ யோபுவிடம் இதே மாதிரி பேசிய நண்பர்கள்மேல் தேவன் 42-ஆம் அதிகாரத்தில் கோபங்கொண்டதை மூத்தவர் அறிவார்.

மன்னித்தவருக்கு நெருப்பு எதற்கு என்ற கேள்விக்கு, லூக்கா 19-இல் வரி வசூலிக்கிற சகேயுவைப் பாருங்கள். ‘இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்’ என்று இயேசு முதலில் சொல்லிவிடுகிறார். நாலத்தனையாகத் திரும்பக் கொடுக்கிறேன் என்று சகேயு சொல்வது அதற்குப் பிறகு. கொடுத்ததற்குக் கூலியாக மன்னிப்பு வரவில்லை. மன்னிப்பு வந்த வீட்டில் அபகரித்த பணம் தங்கவும் இல்லை. அவனுக்கு வலித்திருக்கும், ஆனால் போனது ஈயம். மல்கியாவிலும் ‘என்னிடத்திற்குத் திரும்புங்கள், அப்பொழுது உங்களிடத்திற்குத் திரும்புவேன்’ என்ற அழைப்பு, உலை எரிகிற அதே அதிகாரத்தில்தான் வருகிறது.

எல்லா நெருப்பையும் இப்படித் தணித்துவிட எனக்கு மனமில்லை. அடுத்த அதிகாரமே சூளையைப்போல எரிகிற நாளைச் சொல்கிறது. அங்கே அகங்காரிகள் துரும்பு. துரும்பைப் புடமிட்டு எடுக்க ஒன்றுமில்லை. எரேமியா 6:29 இன்னும் கடுமை: துருத்தி வெந்தது, ஈயம் அழிந்தது, புடமிடுகிறவனுடைய பிரயாசம் விருதாவாய்ப் போயிற்று. தொழில் தெரிந்தவன் எழுதிய வரி அது. ஈயம் தீர்ந்தும் கலப்பு பிரியவில்லை என்றால் அதற்குமேல் செய்வதற்கில்லை. இந்த வசனங்களை யாரும் அழித்துவிட முடியாது. யார் வெள்ளி, யார் துரும்பு என்று நாம் பெயர் சொல்லாமல் இருக்க முடியும். களையைப் பிடுங்கப்போய்க் கோதுமையையும் பிடுங்கிவிடுவீர்கள், அறுப்புமட்டும் விடுங்கள் என்று மத்தேயு 13-இல் வேலைக்காரரைத் தடுத்தது வீட்டெஜமான்.

அந்தச் சகோதரி வீட்டுக்குப் போங்கள். மூத்தவர் வருவாரானால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்; அவர் வாயாலேயே ‘தப்பாகச் சொல்லிவிட்டேன்மா’ என்று வந்தால் நல்லது. அங்கே மல்கியாவை விளக்க வேண்டாம். அடுத்த முறை ஈப்போவுக்குப் போக வண்டி இருக்கிறதா, மற்றப் பிள்ளைகளை அன்றைக்கு யார் பார்த்துக்கொள்வது என்று கேளுங்கள்.