எழுத்துகளைக் கொண்டு சொல் தேடுவது: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஏழு ஆங்கில எழுத்துகளைக் கொடுத்து அவற்றிலிருந்து சொற்களை உருவாக்கும் விளையாட்டில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு. ஆனால் எழுத்துகளை இடம் மாற்றி மாற்றி எழுதிப் பார்ப்பதிலேயே நேரம் போய்விடுகிறது. சொல் தேடும் செயலிகளோ நொடிப்பொழுதில் பட்டியலைக் கொட்டிவிடுகின்றன. அவை எப்படித் தேடுகின்றன? அந்த உதவி இல்லாமல் நாமே தேடுவதற்கு ஏதேனும் முறை உண்டா?

பதில்: உங்கள் நேரத்தை விழுங்குவது அந்த இடமாற்றம்தான். ஒன்றுக்கொன்று வேறான ஏழு எழுத்துகளையும் பயன்படுத்தி 5,040 விதமாக அடுக்கலாம். ஓரெழுத்து முதல் ஏழெழுத்து வரையிலான எல்லா அடுக்குகளையும் சேர்த்தால் எண்ணிக்கை 13,699 ஆகிவிடும். வரிசையை விட்டுவிட்டு, எந்தெந்த எழுத்துகளை எடுத்துக்கொள்கிறோம் என்பதை மட்டும் கணக்கில் கொண்டால் 127 சேர்க்கைகள்தான் உள்ளன. செயலிகளின் வேகத்துக்கு இந்த வேறுபாடே முக்கியக் காரணம். அகராதியிலுள்ள ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் முன்கூட்டியே அகர வரிசைப்படுத்தி, அந்த வரிசையையே சொல்லின் முகவரியாக வைத்துவிடுகிறார்கள். 'லிசன்' என்ற சொல்லை அப்படி அடுக்கினால் இ, ஐ, எல், என், எஸ், டி என்று வரும். 'சைலன்ட்', 'என்லிஸ்ட்', 'டின்சல்' ஆகிய சொற்களுக்கும் அதே முகவரிதான். எனவே நீங்கள் எழுத்துகளை எந்த வரிசையில் கொடுத்தாலும், செயலி அவற்றை ஒருமுறை அகர வரிசைப்படுத்திவிட்டு நேராக அந்த முகவரிக்குச் சென்றால் நான்கு சொற்களும் ஒன்றாகக் கிடைத்துவிடும். எந்த எழுத்தாகவும் கொள்ளத்தக்க வெற்றுக்கட்டை ஒன்று கூடுதலாக இருந்தால், 26 எழுத்துகளையும் ஒவ்வொன்றாகச் சேர்த்து 26 முகவரிகளைப் பார்த்தால் போதும். 'லிசன்' எழுத்துகளுடன் ஜி சேரும்போது 'சிங்லெட்', 'கிளிசன்' ஆகியவையும், ஏ சேரும்போது 'சேலியன்ட்' என்பதும் வந்து நிற்கும்.

நாமே தேடும்போது இப்படி ஒரு முகவரிப் பட்டியல் நம் கையில் இருக்காது. அதற்கு ஈடாக, ஆங்கிலச் சொற்கள் எப்படித் தொடங்கி எப்படி முடிகின்றன என்ற பழக்கம் நமக்குக் கைகொடுக்கும். ஏ, இ, ஜி, ஐ, என், ஆர், எஸ் என்ற ஏழு எழுத்துகள் கிடைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐ, என், ஜி மூன்றும் இருப்பதால் 'இங்' என்ற விகுதியைத் தனியே ஓரமாக வைத்துவிடலாம். மீதமுள்ள ஏ, இ, ஆர், எஸ் என்ற நான்கை மட்டும் அசைத்துப் பார்த்தால், சுட்டெரிப்பதைக் குறிக்கும் 'சியரிங்' என்ற சொல்லும், அழிப்பதைக் குறிக்கும் 'இரேசிங்' என்ற சொல்லும் கிடைக்கும். பிறகு அந்த விகுதியைக் கலைத்துவிட்டு, ஆர், இ இரண்டையும் முன்னொட்டாக வைத்தால், மீண்டும் பெறுவதைக் குறிக்கும் 'ரீகெய்ன்ஸ்' அமையும். எஸ்-ஐப் பன்மைக்காகக் கடைசியில் நிறுத்தினால் 'கெய்னர்ஸ்' வரும். 5,040 அடுக்குகளில் அலைய வேண்டிய இடத்தில், நாலைந்து எழுத்துகளை மட்டும் அசைத்து நான்கு சொற்களைப் பிடித்துவிட்டோம். எழுத்துகளை நேர்கோட்டில் எழுதாமல் வட்டமாக எழுதிக்கொள்ளுங்கள் என்றும் சொல்வேன். கண்ணில் முதலில் பட்ட வரிசை மனத்தில் உறைந்துபோவதை அது பெருமளவு தடுக்கும்.

கேள்வி: குறிப்பிட்ட சில எழுத்துகள் சொல்லுக்குள் இருந்தாக வேண்டும், அவற்றோடு வேறு எழுத்துகளும் இருக்கலாம் என்றால், அகர வரிசை முகவரி பயன்படுமா?

பதில்: நேரடியாகப் பயன்படாது. கூடுதல் எழுத்துகள் நடுவே புகுந்து முகவரியையே மாற்றிவிடும் என்பதால், இங்கே ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்ற எண்ணிக்கையை ஒப்பிட வேண்டும். இதற்குப் பகா எண்களைக் கொண்ட அழகான உத்தி ஒன்று இருக்கிறது. ஏ-க்கு 2, பி-க்கு 3, சி-க்கு 5 என்று தொடங்கி, இசட்-டுக்கு 101 வரை 26 எழுத்துகளுக்கும் முதல் 26 பகா எண்களை வழங்கிவிட்டு, சொல்லிலுள்ள எழுத்துகளின் எண்களைப் பெருக்க வேண்டும். பூனையைக் குறிக்கும் 'கேட்' என்ற சொல்லில் சி-க்கு 5, ஏ-க்கு 2, டி-க்கு 71, பெருக்கினால் 710. 'ஆக்ட்' என்ற சொல்லுக்கும் அதே மூன்று எழுத்துகள் என்பதால் அதே 710. உரையாடலைக் குறிக்கும் 'சாட்' என்ற சொல்லில் ஹெச் கூடுவதால், அதற்குரிய 19-ஆல் பெருக்க 13,490 ஆகிறது. 13,490 என்பது 710-ஆல் மீதியின்றி வகுபடுவதே, அந்த மூன்று எழுத்துகளும் இதற்குள் அடங்கியுள்ளன என்பதற்குச் சான்று. ஓர் எண்ணைப் பகா எண்களின் பெருக்கலாக ஒரே விதத்தில்தான் பிரிக்க முடியும் என்ற கணித உண்மையின் மேல் இது நிற்பதால், ஓர் எழுத்து இருமுறை வர வேண்டும் என்ற நிபந்தனையையும் தவறின்றிக் கவனித்துக்கொள்ளும்.

எழுத்துகள் கொடுத்த வரிசையிலேயே, இடைவெளியின்றித் தொடர்ந்து வர வேண்டும் என்பது முற்றிலும் வேறு தேடல். கணினியிலுள்ள சொற்பட்டியலில் சாதாரணத் தேடல் வசதியே இதைச் செய்துவிடும். யுனிக்ஸ் கணினிகளுக்காக கென் தாம்ஸன் 1973-இல் எழுதிய 'கிரெப்' என்ற கட்டளை இத்தகைய தேடலுக்கு இன்றும் நன்றாகப் பயன்படுகிறது. அதில் ஒரு புள்ளி இட்டால் அவ்விடத்தில் எந்த எழுத்தும் வரலாம் என்று பொருள் என்பதால், குறுக்கெழுத்துக் கட்டங்களுக்கும் அது பொருந்தும். எக்ஸ், ஒய், இசட் மூன்றும் அடுத்தடுத்து வரும் சொல் இருக்கவே முடியாது என்று நினைப்பவர்கள் உண்டு. 'ஹைட்ராக்ஸிசின்' என்ற மருந்தின் பெயரில் அவை அப்படியே வருகின்றன.

கேள்வி: கையிலுள்ள எழுத்துகளில் எதிலிருந்து தொடங்குவது நல்லது?

பதில்: அரிதான எழுத்திலிருந்து தொடங்குங்கள். அது இடம்பெறும் சொற்களே குறைவு என்பதால் தேடும் பரப்பு உடனே சுருங்கிவிடும். 'ஸ்கிராபிள்' விளையாட்டை 1930-களில் உருவாக்கிய ஆல்ஃப்ரெட் மோஷர் பட்ஸ், செய்தித்தாள்களில் எழுத்துகள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணிப் பார்த்தே கட்டைகளைப் பங்கிட்டார். அதன் ஆங்கிலப் பதிப்பிலுள்ள 100 கட்டைகளில் இ-க்கு 12 கட்டைகள். ஜே, கே, க்யூ, எக்ஸ், இசட் ஆகியவற்றுக்குத் தலா ஒன்றுதான். க்யூ வந்தால் யு-வும் உடன் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டாலும் கைவிட வேண்டாம்: முகத்திரையைக் குறிக்கும் 'நிகாப்', நிலத்தடி நீர்க்கால்வாயைக் குறிக்கும் 'கனாத்' ஆகிய இரண்டையும் க்யூ இட்டு எழுதும்போது, அவற்றில் எங்கும் யு வருவதில்லை.