ட்ரெயினிங் முடிஞ்ச அன்னிக்கு எல்லாரும் பாஸ், ஆறு மாசம் கழிச்சு?

கேள்வி: அக்கா, எனக்கு கடலூர் மாவட்டத்துல கடலோர கிராமம். பேரிடர் தன்னார்வலர் பயிற்சி 12 நாள் முடிச்சு சர்டிபிகேட்டும் வாங்கியாச்சு. கடைசி நாள் ஒரு ஃபார்ம் குடுத்தாங்க, எல்லாரும் 'மிக நன்று'ன்னு டிக் பண்ணிட்டு வந்தோம். ஆறு மாசம் ஆச்சு, இப்ப ஊர்ல எங்க குழு 24 பேருக்கும் அந்த பயிற்சியால என்ன பிரயோஜனம்னு எழுதித் தர சொல்றாங்க. அந்த ஃபார்மையே சேர்த்துக் குடுத்தா போதுமா?

பதில்: போதாது தம்பி. அன்னிக்கு மனசுக்கு எப்படி இருந்துச்சுன்னுதான் அந்த ஃபார்ம் சொல்லும். 2016ல பேரிடர் தன்னார்வலர் பயிற்சிக்கான மத்திய அரசோட ஆப்த மித்ரா திட்டம் 30 மாவட்டத்துல 6,000 பேருக்கு பயிற்சின்னு ஆரம்பிச்சு, அப்புறம் 350 மாவட்டம், 1 லட்சம் பேர்னு பெருசாச்சு, நல்ல விஷயம்தான், ஆனா 2011 டிசம்பர்ல வந்த தானே புயல் மாதிரி ஒரு ராத்திரில இதுல எத்தனை பேர் கை வேலை செய்யும்னு அந்த எண்ணிக்கைய வச்சு சொல்ல முடியாது.

முதல்ல ஒரு ஞாயித்துக்கிழமை முன்கூட்டி சொல்லாம 24 பேரையும் கூப்பிடுங்க. எத்தனை பேர் எத்தனை நிமிஷத்துல வந்தாங்கன்னு குறிச்சுக்கோங்க. வராதவங்கள திட்டாதீங்க, ஏன் வரலன்னு மட்டும் எழுதுங்க, ஒருத்தர் வேலைக்கு திருப்பூர் போயிருப்பார், ஒரு பொண்ணு கல்யாணமாகி வேற ஊர் போயிருக்கும், ஒருத்தர் நம்பர மாத்தியிருப்பார். ரிப்போர்ட்டோட முதல் பக்கம் அதுதான்.

வந்தவங்க கையில கயிறு குடுங்க. தண்ணில இருக்கறவர் இடுப்புல கட்டி இழுக்கற பவ்லைன் முடிச்சு இருக்கில்ல, இறுகவும் கூடாது அவுரவும் கூடாது, அதைப் போட சொல்லுங்க. கயிற நனைச்சிட்டு, லைட்ட அணைச்சிட்டு. நான் ஒரு ஊர்ல இப்படி பார்த்தப்ப எழுத்துத் தேர்வுல 20க்கு 19 வாங்குன தங்கச்சி போட்ட முடிச்சு இழுக்க இழுக்க இடுப்ப நெரிச்சுது, 9 மார்க் வாங்குன மீனவப் பையன் கண்ண மூடிட்டே போட்டுட்டான். அன்னிக்கு சாயந்திரமே அவன்கிட்ட உக்காந்து அந்தப் பொண்ணு கத்துக்கிச்சு. மார்க் ஷீட்ட மட்டும் பார்த்திருந்தா நான் அந்தப் பையனத்தான் திரும்ப கிளாஸுக்கு அனுப்பியிருப்பேன்.

சிபிஆரும், அதாவது மூச்சு, இதயத் துடிப்பு நின்னவருக்கு நெஞ்ச அமுக்கி வாயால மூச்சு குடுக்கறதும், அப்படித்தான். 30 அமுக்கு 2 மூச்சுன்னு வாயால எல்லாரும் சொல்லிடுவாங்க. பொம்மைய வச்சு ரெண்டு நிமிஷம் பண்ண சொல்லிப் பாருங்க, நிமிஷத்துக்கு 100லேருந்து 120, குறைஞ்சது 5 சென்டிமீட்டர் ஆழம், ஒரு நிமிஷத்துலயே முழங்கை மடங்க ஆரம்பிச்சிடும். பழக்கம் விட்டா சில மாசத்துலயே கை மறந்துடும், அதனாலதான் கடைசி நாள் பரிட்சைய நான் பெருசா எடுத்துக்கறதில்ல.

இன்னொன்னு, இதத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க. பங்களாதேஷ்ல 1970 புயலுக்கு அப்புறம் தன்னார்வலர் படை ஒன்னு உருவாக்கி இன்னிக்கும் நடத்திட்டு இருக்காங்க. அப்படி ஒரு படை இருந்தும் 1991 புயல்ல ஆம்பளைங்கள விட பொம்பளைங்க ரொம்ப அதிகமா செத்தாங்க. குழந்தைங்கள விட்டுட்டு கிளம்ப முடியல, புருஷன் வரட்டும்னு காத்திருந்தாங்க, ஷெல்டர்ல ஒதுங்க தனி இடம் இல்ல. இப்ப அந்தப் படையில பாதிப் பேர் பெண்கள். அதனால தன்னார்வலர்கள மட்டும் கேக்காதீங்க, ஊருக்குள்ள பத்து வீட்டுக்குப் போங்க. தனியா இருக்கற பாட்டிகிட்ட, கைக்குழந்தை வச்சிருக்கற பொண்ணுகிட்ட, "புயல்னு சொன்னா உங்கள யார் வந்து கூட்டிட்டுப் போவா"ன்னு கேளுங்க. உங்க 24 பேர்ல ஒருத்தர் பேர் வருதா, எத்தனை வீட்ல வருதுன்னு எழுதுங்க.

லைஃப் ஜாக்கெட், கயிறு, ஸ்ட்ரெச்சர் எல்லாம் எங்க இருக்குன்னும் பாருங்க. பூட்டி வச்சிருந்தா சாவி யார்கிட்ட, அவர் எந்தத் தெரு, ராத்திரி ரெண்டு மணிக்கு டவர் இல்லன்னா அவர் வீட்டுக்கு யார் ஓடுவா, அதையும் சேர்த்து எழுதுங்க தம்பி.