புலிக்கும் நமக்கும் நடுவே ஒரு பள்ளம்

கேள்வி: ஊரிலிருந்து வந்த அண்ணன் பிள்ளைகளை டெல்லி உயிரியல் பூங்காவுக்குக் கூட்டிப் போனோம். புலி இருக்கும் இடத்தில் கம்பியே இல்லை, ஆனால் அது எங்கேயோ தூரத்தில் படுத்திருந்தது. "பாதிக் காசுதான் தேறிச்சு அத்தை" என்கிறான் பெரியவன். இப்படி ஏன் கட்டினார்கள்?
— ஒரு வாசகி, மயூர் விஹார்

பதில்: பையன் கணக்கில் கெட்டிதான்! கம்பிக்குப் பதில் அகழி வெட்டுவது ஜெர்மனியின் விலங்கு வியாபாரி ஹாகன்பெக் 1907-லேயே ஹாம்பர்க்கில் செய்து காட்டிய வழி. புராணா கிலா என்ற பழைய கோட்டையை ஒட்டி 1959-இல் திறந்த டெல்லி பூங்காவிலும் அதுதான். புலிக்கு மண், நிழல், தண்ணீர் எல்லாம் கிடைக்கும், ஆனால் அது எங்கே படுப்பது என்பதை அதுதான் முடிவு செய்யும், நாமில்லை. நீங்கள் போனது மதியமோ? அப்போது அது தூங்கத்தான் செய்யும். அடுத்த முறை காலையில் கதவு திறந்ததும் போங்கள் (வெள்ளிக்கிழமை விடுமுறை). மழைக்காலம் முடிகிற சமயம் என்றால் இன்னும் நல்லது, குளத்து மரங்களில் சங்குவளை நாரைகள் கூடு கட்டி, குஞ்சுக்கு மீன் கக்கிக் கொடுப்பதைச் சும்மா நின்றே பார்க்கலாம். அவை யாரும் அடைத்து வைத்தவை அல்ல, தாமாக வந்தவை. அப்புறம், நூறு ஏக்கருக்கு மேல் நடக்கணும், புதுச் செருப்பு வேண்டாம்.