முன்சக்கரத்துக்கு ஃபோர்க் வேண்டாம் என்றால் என்ன போடலாம்?

கோவையில் லேத் பட்டறை நடத்தும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "விபத்தில் முன்பக்கம் நொறுங்கிய கேடிஎம் 390 ஒன்று கைக்கு வந்திருக்கிறது. என்ஜினுக்கும் பின்பகுதிக்கும் சேதம் இல்லை. பந்தயத் தடத்தில் மட்டும் ஓட்டுவதற்காக நானே ஃபிரேம் கட்டப் போகிறேன். வழக்கமான டெலஸ்கோப்பிக் ஃபோர்க் வேண்டாம். பிமோட்டா டெசி பைக்கைப் போல ஹப் சென்டர் ஸ்டியரிங் செய்யலாமா, ஜான் பிரிட்டன் கட்டிய பைக்கில் இருந்ததைப் போலச் செய்யலாமா? பிரேக் பிடித்தால் முன்பக்கம் சிறிதும் அமுங்கக் கூடாது."

ஜான் பிரிட்டனின் வழியில் போங்கள். தனியாளாக ஒரு பட்டறையில் கட்டுவதற்கு அதைவிடப் பொருத்தமான மாற்று அமைப்பு இல்லை. ஆனால் "சிறிதும் அமுங்கக் கூடாது" என்ற நிபந்தனையைக் கைவிட வேண்டும். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

முதலில், நீங்கள் வேண்டாம் என்று சொல்லும் ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தை இருபுறமும் தாங்கி ஒன்றுக்குள் ஒன்று நழுவும் குழாய்கள், என்ன செய்கிறது என்பதை எண்களில் பார்த்துவிடுவோம். வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்து 220 கிலோ, எடை முன்னும் பின்னும் சரிபாதி, புவிஈர்ப்பு மையம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரம், இரு சக்கரங்களுக்கும் இடையே 136 செ.மீ., ஃபோர்க்கின் சாய்வு (ரேக்) செங்குத்திலிருந்து 24 பாகை என்று வைத்துக்கொள்வோம். முன் பிரேக்கால் மட்டும் 1 ஜி (புவிஈர்ப்பு முடுக்கத்துக்கு இணையான) அளவில் வேகத்தைக் குறைத்தால், சுமார் 97 கிலோ பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்கு மாறுகிறது. அதில் 89 கிலோ ஃபோர்க்கின் அச்சுவழியே அமுக்குகிறது. இது எந்த அமைப்பிலும் நடப்பதுதான். கதை இதோடு முடிவதில்லை. ஃபோர்க் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், டயரைப் பின்னுக்குத் தள்ளும் 220 கிலோ பிரேக் விசையில் ஒரு பங்கும் அதே அச்சுவழியே ஏறி அமுக்குகிறது. அதுவும் கிட்டத்தட்ட 89 கிலோ! ஆக, அமுங்குவதில் பாதி எடை மாறுவதால் வருகிறது. மறுபாதி ஃபோர்க்கின் சாய்வே உண்டாக்குவது.

இந்த விசையில் ஃபோர்க் சுமார் 90 மி.மீ. உள்ளே போகும். வண்டி முன்னால் குனிவதால் ரேக் 24 பாகையிலிருந்து இருபதை ஒட்டி இறங்கும். ஸ்டியரிங் அச்சின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்தான் டிரெயில்; 100 மி.மீ. இருந்த அது 80 ஆகும். வளைவுக்குள் நுழையும் அந்த ஒரு நொடியில் வண்டியின் வடிவியலே மாறிவிடுகிறது. மாற்று அமைப்புகளைத் தேடிப் போனவர்கள் எல்லோரும் இந்தச் சிக்கலிலிருந்துதான் புறப்பட்டார்கள்.

டெசியை ஏன் வேண்டாம் என்கிறேன்? 1990-ல் விற்பனைக்கு வந்த பிமோட்டா டெசி 1டி உண்மையிலேயே அழகான வேலை. பிரேக் விசை ஃபிரேமின் தலைப்பகுதிக்கு ஏறாமல், சக்கரத்தைப் பிடிக்கும் படுக்கைவாட்டக் கையான முன் ஸ்விங்ஆர்ம் வழியாகத் தாழ்வாக நேரே சேஸிக்குப் போகிறது. ஆனால் சக்கரம் திரும்பும் அச்சு, சக்கரத்தின் நடுக்குடமான ஹப்புக்குள் இருக்கிறது. அதைச் சுற்றி ஓடப் பெரிய விட்டமுள்ள பேரிங் வேண்டும். ஹேண்டில்பாரிலிருந்து சக்கரம் வரை இணைப்புக் கம்பிகளின் சங்கிலி ஒன்று போக வேண்டும். ஒவ்வொரு மூட்டிலும் நூலளவு ஆட்டம் சேர்ந்தாலும், கைக்கு வந்து சேரும்போது ஸ்டியரிங்கில் தெளிவு போய்விடும். ஸ்விங்ஆர்மில் டயர் இடிக்கும் என்பதால் திருப்பும் கோணமும் குறைவு. 1993-ல் யமஹா தன் ஜிடிஎஸ் 1000-ல் ஒற்றைக் கை முன் ஸ்விங்ஆர்மைப் போட்டு விற்றது. அத்தனை பெரிய நிறுவனம் செய்தும் எடையும் விலையும் கூடிப்போய், சந்தையில் அது நிலைக்கவில்லை. எல்ஃப் நிறுவனம் ஹோண்டா என்ஜின்களோடு 1980-களில் 500 சிசி கிராண்ட் பிரீ வரை வேறு வகை மாற்று அமைப்புகளைக் கொண்டுபோனது. அங்கே அதற்கு ஒரு வெற்றியும் கிடைக்கவில்லை.

ஜான் பிரிட்டனின் பைக்கில் இருந்தது ஹோசாக் வகை. மெக்லாரன் பந்தயக் கார் நிறுவனத்தில் வேலை பார்த்த நார்மன் ஹோசாக், பந்தயக் காரின் இரட்டை விஷ்போனை எடுத்து மோட்டார் சைக்கிளுக்கு நிமிர்த்தி வைத்தார். சேஸியிலிருந்து இரண்டு முக்கோணக் கைகள் முன்னோக்கி வரும். அவற்றின் நுனியில் ஆளுக்கொரு பால் ஜாயிண்ட், அதாவது எப்பக்கமும் திரும்பும் உருண்டை மூட்டு. அந்த இரண்டு மூட்டுகளிலும் ஒரு செங்குத்துச் சட்டம் தொங்கும்; சக்கரத்தைப் பிடிப்பது அதுதான். இரண்டு பால் ஜாயிண்டுகளையும் இணைக்கும் கோடே ஸ்டியரிங் அச்சு. ஒரே ஒரு ஷாக் அப்சார்பர் போதும். ஹேண்டில்பார் சேஸியில் இருக்கும். கத்தரிபோல மடங்கும் ஓர் இணைப்பு அதன் திருப்பத்தைச் சட்டத்துக்குக் கொடுக்கும்.

நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சில் ஜான் பிரிட்டன் தன் வி1000-க்கு இந்தச் சட்டத்தைக் கார்பன் ஃபைபரில் வார்த்தார். மொத்தமே பத்து வண்டிகள்தான் கட்டப்பட்டன. அவற்றில் ஒன்றை ஓட்டி ஆண்ட்ரூ ஸ்ட்ரவுட் 1995-ல் பியர்ஸ் (பிரிட்டிஷ், ஐரோப்பிய, அமெரிக்க வண்டிகளுக்கான பந்தயத் தொடர்) உலகப் பட்டத்தை வென்றார். பெருநிறுவனங்களின் வண்டிகளுக்கு நடுவே ஒரு சிறு பட்டறையின் வண்டி அப்படி ஓடியதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. ஹோசாக்கின் காப்புரிமை காலாவதியான பிறகு, 2004-ல் பிஎம்டபிள்யூ தன் கே1200எஸ்-ல் இதே அமைப்பை டியூவோலீவர் என்ற பெயரில் கொண்டுவந்தது. 2018-ன் ஹோண்டா கோல்ட் விங்கிலும் இரட்டை விஷ்போன்தான். பெரிய நிறுவனங்களும் இந்த அமைப்பை நம்பி வந்துவிட்டன.

இனி அமுங்கும் விவகாரம். விஷ்போன் கைகள் இரண்டும் இணையாகவும் தரைக்கு மட்டமாகவும் இருந்தால் சக்கரம் நேராக மேலே ஏறும். மேலே சொன்ன அந்த மறுபாதி விசை முழுவதுமாக மறைந்துவிடும். எந்தத் தந்திரமும் செய்யாமலே அமுக்கம் பாதியாகிறது. கைகளின் சேஸிப் பக்கத்தை உயர்த்தி, சக்கரப் பக்கத்தைத் தாழ்த்தினால் பிரேக் விசையே வண்டியைத் தூக்கிப் பிடிக்கத் தொடங்கும். உங்கள் அளவுகளுக்குச் சாய்வு 24 பாகையை எட்டினால் முழு எதிர்ப்பு: வண்டி அமுங்கவே அமுங்காது.

அதைத்தான் கேட்கிறீர்கள். செய்யாதீர்கள். அப்படி அமைத்தால் சக்கரம் மேலேறும்போது முன்னோக்கியும் நகர வேண்டும். பிரேக் பிடித்தபடி மேடு ஒன்றில் ஏறினால் சஸ்பென்ஷன் இறுகி, டயர் தரையில் துள்ளும். முன் டயரின் பிடி எந்த அளவில் இருக்கிறது என்று ஓட்டுநருக்குக் கைவழியே வரும் செய்தியும் குறைந்துவிடும். தவிர, முன்பக்கம் கொஞ்சம் தாழ்வது வண்டி வளைவுக்குள் திரும்ப உதவுகிறது. பந்தய ஓட்டுநர்கள் வளைவுக்குள்ளும் பிரேக்கை விடாமல் நுழைவது இதைப் பயன்படுத்தித்தான். எனவே முழு எதிர்ப்பில் 30 சதவீதத்தோடு நிறுத்துங்கள். ஓட்டுநர் ஏறி உட்கார்ந்த நிலையில் கைகளுக்கு ஏழரைப் பாகை சாய்வு.

இதில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் ஒன்று இருக்கிறது. நின்ற நிலையில் சாய்வைப் பார்த்துவிட்டுத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். கை 250 மி.மீ. நீளமென்றால், சக்கரம் 33 மி.மீ. ஏறியதுமே கை மட்டமாகிவிடும். அதற்கு மேல் அது எதிர்ப்பக்கம் சாய்ந்து, ஃபோர்க்கைப் போலவே அமுக்கத்தைக் கூட்டத் தொடங்கும். கடும் பிரேக்கில், உதவி வேண்டிய நேரத்தில்தான் இது நடக்கும். கையின் நீளம் 400 மி.மீ. இருந்தால் மட்டமாவதற்கு 52 மி.மீ. வரை இடம் கிடைக்கும். என்ஜினின் மேல் பக்கவாட்டில், கை சேஸியில் சுழலும் மூட்டான பிவட்டைப் பின்தள்ளி, எவ்வளவு நீளம் கிடைக்குமோ அவ்வளவையும் எடுத்துக்கொள்ளுங்கள். என் கணக்கில், இந்த நீளத்தோடு மிருதுவான ஸ்பிரிங் போட்டாலும் வண்டி 65 மி.மீ. அளவில் தாழ்ந்து நிற்கும். இரும்பை வெட்டுவதற்கு முன் பிளைவுட்டில் முழு அளவு மாதிரி செய்து, சக்கரத்தின் ஒவ்வொரு 10 மி.மீ. ஏற்றத்துக்கும் கைச்சாய்வையும் டிரெயிலையும் அளந்து தாளில் வரையுங்கள்.

அடுத்தது வலிமை. கீழ் பால் ஜாயிண்ட் தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்திலும், மேல் ஜாயிண்ட் அதற்கு 20 செ.மீ. மேலேயும் இருந்தால், அதே 1 ஜி பிரேக்கில் கீழ்க்கை ஏறத்தாழ 740 கிலோ அமுக்கத்தையும் மேல்கை 520 கிலோ இழுவையையும் தாங்க வேண்டியிருக்கும். இடைவெளியை 30 செ.மீ. ஆக்கினால் மேல்கையின் சுமை மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. இடம் இருந்தால் தள்ளி வையுங்கள். குழி, மேடுகளின் அடியையும் நினைத்து, இந்த எண்களைப்போல் மூன்று மடங்காவது தாங்கும்படி கட்டுங்கள். கைகளுக்குக் குரோம்-மாலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு) சீம்லெஸ் குழாயும் டிக் வெல்டிங்கும். ராட் எண்டுகளை (திருகுத் தண்டுள்ள உருண்டை மூட்டுகளை) வளைவு விசை வரும் இடத்தில் போடவே கூடாது. திருகுமரையின் கழுத்தில் ஒடிந்துவிடும். பழைய கேடிஎம் ஃபிரேமின் தலைப்பகுதியில் பிவட்டுகளை ஒட்டவைக்கவும் வேண்டாம். அந்தக் குழாய்கள் ஃபோர்க்கின் விசைக்காக அமைக்கப்பட்டவை; விஷ்போனின் விசை வேறு வழியில் வருகிறது.

வலிமை என்றதும் பலர் செங்குத்துச் சட்டத்தைப் பாறைபோல் கட்டிவிடுவார்கள். முன்பின் திசையில் அது சரி. பக்கவாட்டில் சரியல்ல. வண்டி 50 பாகைக்கு மேல் சாய்ந்திருக்கும்போது தரையின் மேடு சஸ்பென்ஷன் நகரும் திசையில் வருவதில்லை. பெரும்பகுதி பக்கவாட்டில் அடிக்கிறது. அப்போது டயரும், ஃபோர்க்கின் சிறு நெளிவும்தான் சஸ்பென்ஷன். டெலஸ்கோப்பிக் ஃபோர்க் இன்றும் மோட்டோஜிபியில் கோலோச்சுவதற்கு இந்த நெளிவை அளந்து பழக்கப்படுத்திய பல பத்தாண்டு அனுபவம் ஒரு முக்கியக் காரணம். உங்கள் சட்டத்தின் இரு கால்களையும் இணைக்கும் குறுக்குத் துண்டை வெல்டிங் செய்யாமல் போல்ட்டில் மாட்டுங்கள். வண்டி வளைவில் துள்ளினால் மெலிந்த துண்டை மாற்றிப் பார்க்கலாம்.

ஸ்டியரிங் இணைப்பில் ஆட்டம் அறவே கூடாது. கத்தரி இணைப்பின் மூன்று மூட்டுகளிலும் முன்னழுத்தம் கொடுக்கக்கூடிய பேரிங்குகளைப் போடுங்கள், புஷ் வேண்டாம். ஷாக்கைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தை முழுப் பயணத்துக்கும் தூக்கி இறக்கிப் பாருங்கள். ஹேண்டில்பார் நேராக இருக்கும்போதும், இருபுறமும் திருப்பி வைத்திருக்கும்போதும், சக்கரத்தின் ஏற்ற இறக்கத்தில் அது தானாகத் திரும்பக் கூடாது.

ஷாக்குக்கு 60 மி.மீ. ஓட்டமும் சக்கரத்துக்கு 120 மி.மீ. பயணமும் கொடுத்தால் விகிதம் இரண்டுக்கு ஒன்று. ஸ்பிரிங் வலிமை அந்த விகிதத்தின் வர்க்கமாகக் கூடும்: சக்கரத்தில் மி.மீ.க்கு 15 நியூட்டன் வேண்டுமென்றால் ஸ்பிரிங் 60 நியூட்டன். முன்பக்கத்தில் ரேடியேட்டருக்கு இடம் நெருக்கும். ஜான் பிரிட்டன் அதை இருக்கைக்கு அடியில் வைத்துக் காற்றைக் குழாய்வழி கொண்டுபோனார். நீங்கள் பக்கவாட்டில் இரண்டாகப் பிரித்தாலே போதும்.

தடத்தில் மட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த உறுதியிலிருந்து மாறாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இந்த வண்டி செட்டிப்பாளையம், இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடங்களுக்கு வேனில்தான் போக வேண்டும். போட்டியில் இறங்கும் எண்ணம் இருந்தால், கட்டத் தொடங்குவதற்கு முன்பே வரைபடத்தைத் தொழில்நுட்ப ஆய்வாளர்களிடம் காட்டி, எந்தப் பிரிவில் சேர்ப்பார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

முதல் நாள் மெதுவாக ஐந்து சுற்று, பிறகு வண்டியை நிறுத்தி ஒவ்வொரு போல்ட்டையும் டார்க் ரென்ச்சால் சரிபாருங்கள். அன்று மாலையே விஷ்போன் வெல்டிங் அனைத்தையும் டை பெனட்ரன்ட் அடித்து விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் முழு பிரேக்கை முயல வேண்டும்.