பிள்ளையை ஊருக்கு அனுப்பிவிடலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, தொண்டியிலிருந்து கனடாவில் இருக்கும் ஸ்கார்பரோ வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பதினொரு வயது மகனின் நோட்டு அட்டையில் ஒரு பெண் பெயர் இருந்திருக்கிறது. விசாரித்தால், பள்ளியில் டீச்சர் உட்பட எல்லோரும் அந்தப் பெயரில்தான் கூப்பிடுகிறார்களாம். வீட்டில் அக்காவின் சுரிதாரைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிறானாம். உங்கள் மனைவி சாப்பிடாமல் அழுதுகொண்டிருக்கிறார். விடுமுறை விட்டதும் மண்டபம் ஊரில் மாமியார் வீட்டில் கொண்டுபோய் விட்டு, ராமநாதபுரத்தில் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இருவரும் பேசி வைத்திருக்கிறீர்கள். இது இந்த நாட்டுப் பழக்கத்தால் வந்ததா, நாங்கள் எதிர்த்தால் அரசாங்கம் பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விடுமா என்பது உங்கள் கேள்வி.

நான் தேவிபட்டினத்துக்காரி. இரண்டு பிள்ளைகளையும் கனடாவில்தான் பெற்று வளர்த்தேன். இளைய பிள்ளை பன்னிரண்டு வயதில் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து, "இனிமே என்னைப் பொம்பளப் பிள்ளைன்னு சொல்லாதீங்கம்மா" என்றது. இப்போது கல்லூரியில் படிக்கிறது. அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்: ஹாஸ்டலுக்கு அனுப்பாதீர்கள்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாக வருகிறவர்களுக்கு இது தெரிவதே இல்லை. ஒருவரின் பாலின அடையாளத்தைப் பிறப்பில் குறித்த பாலினத்துக்கே திருப்புவதற்கென்று செய்யும் எந்தச் சிகிச்சையும் கனடாவில் குற்றம். 2022 ஜனவரி 7 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அப்படிப்பட்ட சிகிச்சை கொடுக்கும் எண்ணத்தோடு பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதும் குற்றம்தான். ஐந்து வருஷம் வரை சிறை. பாட்டி வீட்டில் தங்கிப் படிப்பது குற்றமில்லை. ஆனால் "மாற்றிக் கொண்டு வருகிறோம்" என்று ஒரு மருத்துவரிடமோ மந்திரிப்பவரிடமோ கூட்டிப்போகத் திட்டம் போட்டால் கதை வேறு. ஊரிலும் இதற்கு வழி கிடையாது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இப்படி "குணப்படுத்துகிறேன்" என்று கிளம்பும் மருத்துவர்களின் உரிமத்தையே ரத்து செய்யும் அளவுக்கு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டார்.

மண்டபத்தில் போய் இறங்கினால் என்ன நடக்கும் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். முதல் வாரம் கோயிலில் கயிறு கட்டுவார்கள். இரண்டாவது வாரம் யாராவது ஒரு பெரியவர் ஏர்வாடியைச் சொல்வார். தர்கா மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, எங்கள் வீட்டில் எல்லோரும் போய் வந்தவர்கள்தான். ஆனால் தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டிப்போட்ட தனியார் காப்பகங்கள் அங்கே இருந்தன. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அதில் ஒன்று தீப்பிடித்து, ஓடமுடியாமல் 28 பேர் செத்தார்கள். அப்புறம் அவற்றை அரசு மூடியது. இன்றைக்கு நிலைமை மாறியிருக்கலாம், அந்த நினைப்பு மாறவில்லை. புரியாத எதையும் பேய், பித்து என்ற கணக்கில் சேர்ப்பதுதான் அந்த நினைப்பு. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று 2022 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில், பிறந்த பாலினம் ஒன்றும் உணரும் பாலினம் வேறொன்றுமாக இருப்பது மனநோய்ப் பிரிவிலேயே இல்லை.

இந்த நாட்டுத் தண்ணீர் குடித்ததால் வந்ததா என்றால், நீங்களே யோசித்துப் பாருங்கள். நம் கரையோரத்தில் தெருவுக்கு ஒரு கதை உண்டு. எங்கள் தெருவில் ஒரு வலைக்காரர் வீட்டு மூத்த பிள்ளை, அக்காமார் தாவணியை எடுத்துக் கட்டியதற்காக அப்பாவிடம் அடி வாங்கி, பதினைந்து வயதில் வீட்டை விட்டுப் போனது. யாரும் தேடவில்லை. பல வருஷம் கழித்து மதுரையில் பார்த்ததாகச் சொன்னார்கள். அவர் விமானம் ஏறியவர் இல்லை, இங்கிலீஷ் பள்ளியில் படித்தவரும் இல்லை. வெளிநாட்டு டிவி பார்த்துக் கெட்டுப்போனார் என்று சொல்ல அந்த வீட்டில் டிவியே இல்லை. தமிழ்நாட்டில் 2008-இலேயே திருநங்கைகளுக்கு நலவாரியம் வந்துவிட்டது, இந்தியாவில் அதுதான் முதல். திருநங்கை பிரித்திகா யாஷினி 2017-இல் சப்-இன்ஸ்பெக்டர் ஆனார். 2019-இல் பத்மஸ்ரீ வாங்கிய பரதநாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜ் நம் பக்கத்து மதுரைக்காரர். இவர்கள் எல்லோரும் எங்கேயோ போய் இதைக் கற்றுக்கொண்டு வந்தவர்கள் இல்லை. உங்கள் மனைவியிடம் இதையும் சொல்லுங்கள்: அவர் செல்லம் கொடுத்ததாலும் இல்லை, நீங்கள் இரவு ஷிஃப்டுக்குப் போனதாலும் இல்லை.

பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்களா என்ற பயம். இந்தப் பயத்தை விமான நிலையத்திலேயே யாரோ கையில் கொடுத்து அனுப்புகிறார்கள் போல, எல்லோரும் கேட்கிறார்கள். உங்களுக்குப் பிடிக்கவில்லை, புரியவில்லை, கலங்கிப்போயிருக்கிறீர்கள் என்பதற்காக யாரும் வீட்டுக் கதவைத் தட்டப் போவதில்லை. அடித்தால் தட்டுவார்கள். பிள்ளை உடம்பில் காயம் பார்த்தால், சிறுவர் பாதுகாப்பு அமைப்புக்குச் சொல்லியாக வேண்டியது ஆசிரியரின் சட்டக் கடமை. ஒரு பொருளை எடுத்து அடிப்பதையோ தலையில் அடிப்பதையோ பெற்றவர் கண்டிப்பு என்று ஏற்க முடியாது என 2004-லேயே இங்கே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அகப்பைக் காம்பு, பெல்ட் எல்லாம் அதில் அடக்கம். வீட்டை விட்டுப் போ என்று கத்துவதும் அடி மாதிரிதான். பதினொரு வயதுப் பிள்ளை அதை அப்படியே நம்பும்.

பள்ளி உங்களிடம் சொல்லாமல் மறைத்தது என்று கோபப்பட்டிருக்கிறீர்கள். எனக்கும் அந்தக் கோபம் வந்தது, இன்னும் முழுசாகப் போகவில்லை. நாம் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் பல பள்ளிகள், பிள்ளை சம்மதிக்காமல் வீட்டுக்குச் சொல்வதில்லை. சொன்னதால் அடி வாங்கின பிள்ளைகள் இருப்பதுதான் காரணம். ஆல்பர்ட்டா மாகாணத்தில், கால்கரியில் இருக்கும் உங்கள் மச்சான் "எங்க பள்ளியில அப்படி இல்லையே" என்கிறாராம். அவர் சொல்வதும் சரிதான். பதினாறு வயதுக்குக் கீழே பெயர் மாற்றிக் கூப்பிடப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று சஸ்காட்செவான் 2023-இலும் ஆல்பர்ட்டா 2024-இலும் சட்டம் கொண்டுவந்தன. இந்த விஷயத்தில் மாகாணத்துக்கு மாகாணம் வேறு. எது நல்லது என்று இங்குள்ளவர்களே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், அதற்குள் நாம் போக வேண்டாம். நீங்கள் டீச்சரிடம் சண்டைக்குப் போகாமல் ஒரு நேரம் கேட்டுப் போங்கள். யார் யாருக்குத் தெரியும், யார் கிண்டல் செய்கிறார்கள், கழிவறைக்கு எங்கே போகிறான் என்ற மூன்றையும் கேளுங்கள்.

கழிவறையைச் சும்மா சொல்லவில்லை. எங்கள் பிள்ளையின் தண்ணீர் பாட்டில் தினமும் நிறைந்தபடியே திரும்பி வந்தது. காலையில் நான் ஊற்றிய தண்ணீர், மூடி திறக்காமல், சாயங்காலமும் அப்படியே இருக்கும். முதலில் தண்ணீர் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்தோம். பள்ளியில் பெண்கள் பக்கம் போனால் முறைக்கிறார்கள், ஆண்கள் பக்கம் போகப் பயம், அதனால் காலையிலிருந்து தொண்டையை நனைக்காமல் இருந்து வீட்டுக்கு வந்ததும் கழிவறைக்கு ஓடுகிறது. பள்ளியில் பேசி, தனியாளுக்கான கழிவறைச் சாவி வாங்கிக் கொடுத்த பிறகு பாட்டில் காலியாக வந்தது. உங்கள் வீட்டுப் பாட்டிலையும் ஒரு தடவை தூக்கிப் பாருங்கள்.

டாக்டர் விஷயம். "ஹார்மோன், ஆபரேஷன்" என்று உறவுக்காரர்கள் உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். பெயர், முடி, உடுப்பு இவற்றுக்கெல்லாம் எந்த மருந்தும் கிடையாது, நாளைக்கே மாற்றிக்கொள்ளலாம். பருவம் எட்டாத பிள்ளைக்கு இதற்காக யாரும் மருந்து கொடுப்பதில்லை. பருவ மாற்றம் தொடங்கிய பிறகுதான் அதைத் தள்ளிப்போடும் ஊசி பற்றிய பேச்சே வரும், அதுவும் மாதக்கணக்கில் பரிசோதனை, பேச்சு என்று போகும். அந்த ஊசி எவ்வளவு தூரம் நல்லது என்பதில் மருத்துவர்களே ஒரே குரலில் பேசவில்லை. 2024 ஏப்ரலில் பிரிட்டனில் ஹிலரி கேஸ் என்ற மருத்துவர் கொடுத்த அறிக்கை, இதற்கான ஆதாரம் பலவீனமாக இருக்கிறது என்றது. அதே வருஷம் டிசம்பரில் பிரிட்டன் பதினெட்டு வயதுக்குக் கீழே அதைக் காலவரையின்றி நிறுத்தியது, ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தவர்களையும் ஆராய்ச்சியையும் தவிர. இங்கே டொரன்டோவில் சிக்கிட்ஸ் என்ற குழந்தைகள் மருத்துவமனையில் இதற்கென்றே பிரிவு இருக்கிறது, குடும்ப மருத்துவர் வழியாகப் போகலாம், காத்திருக்க வேண்டிவரும். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: ஒன்டாரியோவில் சிகிச்சைக்குச் சம்மதம் கொடுக்கக் குறைந்தபட்ச வயது என்று சட்டத்தில் இல்லை, விஷயம் புரிகிறதா என்பதுதான் அளவு. இதைக் கேட்டதும் பெற்றவர்களுக்கு வயிறு கலங்கும். அதனால்தான் சொல்கிறேன், நாளைக்கு அந்த அறையில் பிள்ளை உட்காரும்போது பக்கத்து நாற்காலியில் நீங்கள் இருக்க வேண்டும். இன்றைக்கு வாயை அடைத்துவிட்டால் அன்றைக்கு உங்களைக் கூப்பிடாது.

பிள்ளை கடைசியில் எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள். பதினொரு வயதில் யாராலும் சொல்ல முடியாது. எங்கள் பிள்ளை இதுவரை மருந்து எதையும் தொட்டதில்லை, கேட்டால் "இன்னும் பாத்துக்கிட்டு இருக்கேம்மா" என்று சிரிக்கிறது. எங்களுக்குத் தெரிந்த இன்னொரு வீட்டுப் பிள்ளை டாக்டரைப் பார்த்து, சிகிச்சை எடுத்து, இப்போது நிம்மதியாக வேலைக்குப் போகிறான். வேறொரு பிள்ளை இரண்டு வருஷத்தில் பழைய பெயருக்கே வந்துவிட்டது. மூன்று வீட்டிலும் பிள்ளை பெற்றவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறது.

வீட்டில் என்ன செய்வது என்றால், பெரிதாக ஒன்றும் இல்லை. சுரிதாரைப் பிடுங்கிப் பூட்டி வைக்காதீர்கள். கடைக்குப் போய் அவன் அளவுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தால், அக்காவுக்கும் தன் துணி திரும்பக் கிடைக்கும், அவளுக்கும் இதில் வருத்தம் இருக்கும், அவளிடமும் தனியாகப் பேசுங்கள். புதுப் பெயர் வாயில் வரவில்லை என்றால் பரவாயில்லை, எனக்கும் பல மாசம் வரவில்லை. தங்கம், கண்ணு என்று கூப்பிட்டே ஓட்டினேன், பிள்ளையும் அதை ஏற்றுக்கொண்டது. கிண்டலாக மட்டும் அந்தப் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். பிள்ளை தூங்காமல், சாப்பிடாமல் ஒதுங்கினாலோ, செத்துப்போகலாம் என்கிற மாதிரி ஏதாவது சொன்னாலோ, அதை நடிப்பு என்று தள்ளாதீர்கள். இங்கே 9-8-8 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் பேசலாம். பிள்ளைகளுக்கென்று கிட்ஸ் ஹெல்ப் ஃபோனும் இருக்கிறது.

ஊரில் எப்படிச் சொல்வது? குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், தயவுசெய்து. பிள்ளை மேல் யாருக்கு உயிரோ அவரிடம் மட்டும், போனில், முதலில். எங்களுக்கு அது என் அம்மா. நாங்கள் ஊருக்குப் போனபோது அம்மா வாசலில் உட்கார்ந்து நெத்திலிக் கருவாட்டைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். ஒட்ட வெட்டிய தலையும் கைலியுமாக நின்ற பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார். எதிர்வீட்டு அக்கா, "என்னத்தா இது, பேத்தியா பேரனா?" என்று சத்தமாகக் கேட்டார். "எம்மக பெத்தது. ஒனக்கு கருவாடு வேணுமா, வேண்டாமா?" என்றார் அம்மா. அதோடு அந்தத் தெருவில் பேச்சு முடிந்தது, குறைந்தபட்சம் எங்கள் காதில் விழும்படி. ராத்திரி என்னிடம் தனியாக அழுதார், அது வேறு.

ராமேஸ்வரத்தில் மட்டும் கொஞ்சம் சிரமப்பட்டோம். இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி முடித்தால் உடை மாற்ற ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். பிள்ளை இரண்டுக்கும் போகாமல் நின்றது. சரி என்று சொட்டச் சொட்ட ஆட்டோவில் ஏறி லாட்ஜுக்கே வந்துவிட்டோம். ஆட்டோக்காரர் சீட்டுக்கு நூறு ரூபாய் கூடக் கேட்டார், கொடுத்தோம். நீங்கள் போனால் கோயிலுக்குப் பக்கத்திலேயே அறை எடுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் டிக்கெட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும், அதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், விமான நிலையத்தில் வைத்துச் சொல்லாதீர்கள்.

ஆமாம், ஊருக்குப் போங்கள் என்றுதான் சொல்கிறேன். ஜூலை டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டாம். பிள்ளைக்கு மட்டும் ஒருவழி டிக்கெட் என்று எழுதியிருந்தீர்களே, அதை மாற்றி நான்கு பேருக்கும் போக வர எடுங்கள். செப்டம்பரில் பள்ளி திறக்கும் முன் திரும்பிவிடலாம். நாங்களும் அப்போது தேவிபட்டினத்தில் இருப்போம், மீன்பிடித் தடைக்காலம் ஜூன் நடுவிலேயே முடிந்துவிடும், நல்ல மீன் கிடைக்கும். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரு நாள் சாப்பிட வாருங்கள். வருவதற்கு முந்தின நாள் மட்டும் சொல்லிவிடுங்கள், காலையிலேயே கரைக்குப் போய் வாங்கி வைக்க வேண்டும்.