மருமகன் சொல்லும் சோலார் பார்க்கில் 5 லட்சம் போடலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. கையில் 5 லட்சம் சேமிப்பு இருக்கிறது. 'நாடே சூரிய மின்சாரத்துக்கு மாறுது, வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்து குவியுது' என்கிறார் மருமகன். அவருடைய நண்பரின் சோலார் பார்க்கில் 5 லட்சம் போட்டால் பத்து வருடம் மாதாமாதம் 12,500 ரூபாய் தருவார்களாம். ஜெர்மன் கம்பெனியோடு கூட்டு என்கிறார்கள். சின்ன மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். போடலாமா சார்?

பதில்: வேண்டாம் அம்மா.

மருமகன் சொல்வதில் முதல் பாதி உண்மை. நிலக்கரி, எண்ணெய் சாராத மின் உற்பத்தித் திறனை 2030க்குள் 500 ஜிகாவாட் ஆக்குவோம் என்று 2021 கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா அறிவித்தது. இந்தத் துறைக்கு 100 சதவீத அந்நிய முதலீடும் அரசின் முன் அனுமதி இல்லாமலே வரலாம். உங்கள் மலைக்கு இது புதிதும் இல்லை. குந்தா நீர்மின் திட்டமே கனடா உதவியோடு எழுந்ததுதானே.

ஆனால், வருகிறவர்கள் எவ்வளவு லாபத்துக்கு வருகிறார்கள்? டெண்டரில் யூனிட்டுக்குக் குறைந்த விலை கேட்பவருக்கே வேலை. அந்த விலை பெரும்பாலும் 25 வருடத்துக்கு மாறாது. 2020 டிசம்பரில் குஜராத்தில் 1 ரூபாய் 99 காசு வரை இறங்கியது. குன்னூர் ஏலத்தில் தூள் விலை இறங்குவதைப் பார்த்த உங்களுக்கு இந்த வேதனை புரியும்.

இப்போது கணக்கைப் போடுவோம். ஒரு மெகாவாட் சோலார் அமைக்க ஏறக்குறைய 4 கோடி என்று வையுங்கள். வருடத்துக்குச் சுமார் 16 லட்சம் யூனிட் வரும். உங்கள் 5 லட்சம் அதில் எண்பதில் ஒரு பங்கு, அதாவது 20,000 யூனிட். யூனிட் இரண்டரை ரூபாய்க்கு விற்றால் வருடம் 50,000 ரூபாய். அதிலும் பராமரிப்பு, வட்டி, நில வாடகை இன்னும் கழிக்கவில்லை. நண்பரோ வருடத்துக்கு ஒன்றரை லட்சம் தருகிறேன் என்கிறார். மீதி ஒரு லட்சத்தைச் சூரியன் தராது, உங்களுக்குப் பின்னால் பணம் போடுகிறவர்தான் தர வேண்டும். மாதாமாதம் பணம் தருவதாகச் சொல்லி டெபாசிட் வாங்கிய பெருந்துறை ஈமு கோழிப் பண்ணைகள் 2012இல் விழுந்தது ஞாபகம் இருக்கும். அனுமதி இல்லாமல் இப்படி டெபாசிட் வாங்குவதை 2019இல் வந்த மத்திய சட்டம் தடை செய்கிறது.

சரி, பங்குகள்? துறை வளர்வதும் பங்கு வளர்வதும் ஒன்றல்ல. காற்றாலைக் கம்பெனியான சுஸ்லான் 2007இல் ஜெர்மனியின் ரீபவர் கம்பெனியையே வாங்கியது. 2008 தொடக்கத்தில் 400 ரூபாயைத் தாண்டிய பங்கு, 2020இல் 3 ரூபாய்க்கும் கீழே போனது. நடுவில் 2012இல் வெளிநாட்டுக் கடன் பத்திரங்களுக்குப் பணம் திருப்பித் தர முடியவில்லை. அத்தனை வருடமும் காற்று வீசிக்கொண்டுதான் இருந்தது! அப்புறம் கம்பெனி மீண்டது வேறு விஷயம். அதுவரை காத்திருக்க உங்கள் மகளின் காலேஜ் ஃபீஸுக்கு நேரம் இல்லை.

கூரையில் சோலார் போடுவதையும் சிலர் சொல்வார்கள். 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் கிடைக்கும். ஆனால் ஃபேன் கூடத் தேவைப்படாத வீடு, இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், போதாக்குறைக்கு மாதக்கணக்கில் மேகமூட்டம். உங்களுக்கு லாபம் குறைவுதான்.

என் யோசனை இது. தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டினால் சில மாதம் இலை வராது, அதற்கு ஒரு லட்சம் வங்கியில் கைக்கெட்டும்படி இருக்கட்டும். காலேஜுக்கு மூன்று லட்சம் ஃபிக்ஸட் டெபாசிட். மீதி ஒரு லட்சத்தை மாதம் 5,000 வீதம் நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் (நாட்டின் 50 பெரிய கம்பெனிப் பங்குகளை மொத்தமாக வாங்கும் ஃபண்ட்) போடுங்கள், ஏழெட்டு வருடம் தொடாதீர்கள். என்டிபிசி, பவர் கிரிட் போன்ற மின் கம்பெனிகள், ரிலையன்ஸ் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. பசுமைக்கென்று தனி ஃபண்ட் தேவையில்லை.

மருமகனிடம் முகம் முறிக்க வேண்டாம். 'அந்த மின்சாரத்தை யார் வாங்குறாங்க, யூனிட் என்ன விலை, ஒப்பந்த நகலை மட்டும் காட்டச் சொல்லுங்க' என்று கேளுங்கள்.